இலைக்கு எந்தப் பென்சில்?

பிளஸ் டூவில் பயாலஜி எடுத்தவனுக்குப் புத்தகம் ஒரு பாரம் என்றால், அக்கம்பக்கத்தார் இன்னொரு பாரம். ரெக்கார்டு நோட்டில் பூவின் குறுக்குவெட்டு வரைந்து விரல் மரத்துப்போன என் கூட்டாளிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். நான் போன வருஷம்தான் கரையேறினேன். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடம், தமிழ் மீடியம்.

முதல் நோயாளி

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் ராணி அக்கா. நான் பயாலஜி குரூப்பில் சேர்ந்ததை அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டு வந்த அன்று சாயங்காலம், அக்கா படியிறங்கி வந்து புடவையைக் கொஞ்சம் தூக்கி முட்டியைக் காட்டினார். ரெண்டு மாசமாக வலியாம், என்ன மாத்திரை போடலாம் என்றார்.

எனக்கு அதெல்லாம் தெரியாது, வகுப்பில் இப்போதுதான் பாசியும் காளானும் நடக்கிறது என்றேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "மன்சன் பாடம் எப்போ வரும்னு மட்டும் சொல்லு. அதுவரிக்கும் தைலம் தடவிகினு கீறேன்."

பழுப்பு இலை

எங்கள் பயாலஜி மிஸ் பெயர் கலா. பாடம் நன்றாக எடுப்பார். ரெக்கார்டு விஷயத்தில் மட்டும் இரக்கமே கிடையாது. நான் ராத்திரி பகலாக வரைந்த படத்துக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் குறுக்குக் கோடு விழும். கோடு நன்றாக இருக்கும், கலர்தான் தப்பு. கலர் பென்சில்களில் பெயர் அச்சடித்திருக்கும் வரை ஒப்பேற்றினேன். சீவிச் சீவி அந்த எழுத்து போனதும் குத்துமதிப்பாக எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் செம்பருத்தி இலை முழுக்கப் பழுப்பு. நான் வேண்டுமென்றே கிண்டல் செய்கிறேன் என்று மிஸ் முடிவு கட்டிவிட்டார். வராந்தாவில் நிற்க வைத்தார். என்ன தப்பு செய்தேன் என்றே தெரியாமல் நிற்பது பெரிய கொடுமை. போகும்போது மிஸ் சொன்னார்: "பாஸ் ஆகணும்னு நினைக்கிறவன் இலைக்கு இப்படி கலர் அடிக்க மாட்டான்."

எல்லாருக்கும் தெரிந்த எண்

பிளஸ் டூவில் மரபியல் வந்தது. நிறக்குருடு பற்றிப் பாடம். மிஸ் ஒரு படத்தைத் திரையில் போட்டார். வட்டம் நிறையப் புள்ளிகள். உள்ளே என்ன எண் என்று கேட்டார். வகுப்பே ஒரே குரலில் சொன்னது. எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாதிக்கிடம், எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு என்னை ஓட்டுகிறீர்களா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மிஸ்ஸும் பார்த்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, இன்னும் நாலைந்து படங்களைக் காட்டினார். ஒன்றில்கூட எண் இல்லை. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் என்று சொன்னார். பயப்பட வேண்டியவன் நான். ஆனால் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கிப் போனது போல இருந்தது. நான் திமிர் பிடித்தவனும் இல்லை, மந்தமும் இல்லை. மிஸ் என் ரெக்கார்டை எடுத்து அந்தப் பழுப்பு இலைப் பக்கத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு உன்னை வெளியே நிக்க வெச்சது என் தப்புப்பா."

யார் பக்கம்

வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இது அம்மா வழியாக மகனுக்கு வருவது, அம்மாவின் கண் நன்றாகவே இருக்கும், இதில் யார் தப்பும் இல்லை என்று பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். தன் கண்ணில் இல்லாததைத் தான் எப்படிக் கொடுத்திருக்க முடியும் என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

லுங்கியை மடித்துக் கட்டியபடி கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னார்: "எப்டியோ, நம்ம சைடு இல்ல."

நம்பர் தெரியாதவர்

அம்மாவின் தம்பி குமார் மாமா, கத்திவாக்கத்தில் இறால் பிடிக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் கிரேன் ஆபரேட்டர் வேலை கிட்டத்தட்டக் கிடைத்து, மெடிக்கல் டெஸ்ட்டில் போய்விட்டது. புத்தகத்தைக் காட்டி என்ன நம்பர் என்று கேட்டார்களாம், மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். பத்தாவது படித்தவனுக்கு நம்பர் தெரியவில்லை என்று எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மாமாவும் கூடச் சிரித்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். படகோரம் உட்கார்ந்து இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். போனில் புள்ளிப் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நீயுமாடா என்பது போல. எனக்கும் அதில் நம்பர் தெரியவில்லை என்றேன். நம் ரெண்டு பேருக்கும் ஒரே கண், என் அம்மா வழியாக எனக்கு, அவர் அம்மா வழியாக அவருக்கு என்று சொன்னேன்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி வெகு நேரம் பார்த்தார். கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ எனக்கு நம்பர் தெரியும்தானடா?"

பிராக்டிகல்

பரீட்சைக்கு முன்பே சாமியிடம் ஒன்றுதான் கேட்டேன், தண்ணீரின் அமிலத்தன்மை பார்க்கும் சோதனை வரக்கூடாது என்று. சின்னத் தாளை நனைத்து, அது எந்தக் கலருக்கு மாறியது என்று அட்டையோடு ஒப்பிட வேண்டும். சீட்டெடுத்தேன். அதேதான் வந்தது.

வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டெர்னல் சார் சிரிக்கவே மாட்டார் என்று பேர். நான் வாய் திறக்கும் முன்பே கலா மிஸ் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். சார் என்னையும் அந்தத் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் பிளஸ் டூ மொத்தமும் அந்தத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அடுத்த மேஜையிலிருந்த சாதிக்கைக் கூப்பிட்டு, என்னிடம் சொன்னார்: "கலர் என்னன்னு அவன் சொல்லட்டும். அதுக்கு அர்த்தம் என்னன்னு நீ சொல்லு. நான் அர்த்தத்துக்குத்தான் மார்க் போடுவேன்."

பாஸ் ஆகி இப்போது பி.காம் படிக்கிறேன், வீட்டில் டாக்டர் யாரும் உருவாகவில்லை என்றாலும், ரெண்டு பேருக்குக் கண்ணில் கோளாறு என்று தெரிந்து இவ்வளவு நிம்மதியடைந்த குடும்பம் எண்ணூர் வரைக்கும் தேடினாலும் கிடைக்காது.