கல்லில் பட்ட பந்து

நெப்ராஸ்காவில் டோரன் ஊர் பேஸ்பால் குழுவுக்கு ஆர்டிஸ் அம்மா நாற்பத்தோரு வருடம் ஆட்டக் குறிப்பு எழுதினார். பந்து கைக்குச் சிக்காமல் போனால், அது அடித்தவரின் திறமையா, பிடிக்க நின்றவரின் பிழையா என்று தீர்ப்புச் சொல்வது அவருடைய பென்சில்தான். எழுதியதை அவர் ஒருநாளும் அழித்ததில்லை. மழையில் நனைந்த பக்கத்தைக்கூட அடுப்பருகே காயவைத்தாரே தவிர, திரும்ப எழுதவில்லை.

ஒரு குறிப்பு மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1968, கடைசி ஆட்டம், ஒன்பதாவது சுற்று. டோரன் ஆட்டக்காரர் எமிலின் கால்களுக்கு நடுவே பந்து ஓடிப்போய், டோரன் தோற்றது. ‘ஈ6’ என்று எழுதினார் ஆர்டிஸ். ஆறாம் இடத்தில் நின்றவரின் பிழை என்று அர்த்தம். ஆனால் பந்து ஒரு கல்லில் பட்டுத் திரும்பியதை அவர் பார்த்திருந்தார்.

இப்போது குழுவுக்கு நூறு வயது. அதே பக்கத்தை விரித்து நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள். திங்கட்கிழமை பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை காலை குறிப்புப் புத்தகமும் அழிப்பானுமாக ஆர்டிஸ் முடிவெட்டும் கடைக்குப் போனார்.

நாற்காலியில் எமில் உட்கார்ந்திருந்தார். கடைக்கார டுவெய்ன் 1968-இல் பிறக்கவே இல்லை. கடையோடு சேர்த்து அந்தக் கதையையும் அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டவர்.

“காலைச் சேர்த்து வை எமில். சீப்பு விழுந்தா நடுவுல பூந்து ஓடிடும்.”

“நீ முதல்ல காதை விட்டுட்டு முடியை வெட்டு.”

ஆர்டிஸ் புத்தகத்தை எமிலின் மடியில் வைத்தார். “எமில், இதை மாத்தப்போறேன். அன்னைக்குப் பந்து கல்லுல பட்டுச்சு. உன் தப்பு இல்ல.”

“எனக்குத் தெரியாதா? என் கண்ணு முன்னாடிதானே பட்டுச்சு.”

“அப்போ ஏன் சொல்லல?”

“தோத்தவன் கல்லைச் சொன்னா யாரு கேப்பா? விடு. கல்லுன்னு எழுதிட்டா என்னைப் பத்தி இங்க பேச என்ன இருக்கு?” அழிப்பானை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் எமில். “ஆமா, பார்த்துட்டும் நீ ஏன் அப்படி எழுதினே?”

ஆர்டிஸ் கைப்பையை மூடினார். “அந்த ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை நடனத்துக்கு என்னைக் கூப்பிட்டுட்டு, இர்மாகூட ஆடினே.”

டுவெய்னின் கத்தரி நின்றது.

“மூணு பாட்டுதான்,” என்றார் எமில்.

“நாலு. எண்ணிட்டுத்தான் இருந்தேன்.”

திங்கட்கிழமை, புத்தகம் ‘ஈ6’ உடனேயே பெட்டிக்குள் போனது. கடையில் கதையும் ஓயவில்லை. ஆனால் டுவெய்ன் இப்போதெல்லாம் அதை நடனத்திலிருந்துதான் தொடங்குகிறார். நாற்காலியிலிருந்து எமில் திருத்துவார்:

“மூணு பாட்டு.”