கொழும்புக்கு அனுப்பிய பிறப்புப் பதிவேடுகள்

ஹட்டனில் எங்கள் சிறிய ஆவணக் காப்பகத்தில் தேயிலைத் தோட்டங்கள் கைவிட்ட பழைய பிறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றை நாங்களே ஸ்கேன் செய்வதா, கொழும்புக் கம்பனி ஒன்றிடம் கொடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவன் நான். எடுத்த முடிவை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

என்னோடு வேலை செய்தவர் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா. "நாமளே செய்வோம் தம்பி. மெதுவாப் போனாலும் நம்ம கையில இருக்கும்" என்றார். எங்களிடம் இருந்தது ஒரேயொரு ஸ்கேனர். பனி இறங்கினால் அதன் கண்ணாடி வேர்த்துவிடும். துடைத்துத் துடைத்து ஒரு நாளைக்கு அரைப் புத்தகம்கூட நகராது. இப்படியே போனால் நான் கிழவனாகிவிடுவேன் என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. லொறி வந்தது, பெட்டிகளை ஏற்றிவிட்டேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் கொத்மலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். கொழுந்து பறிப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அவருக்கு அடையாள அட்டை இல்லை; அட்டை இல்லாததால் தோட்டத்தில் கட்டிக் கொடுத்த புது வீட்டை அவர் பெயரில் பதிய மறுத்துவிட்டார்கள். பதிவேட்டில் அவருடைய பக்கத்தைத் தேடிக் காட்டினேன். அதில் தகப்பன் பெயரும் 'பெண்' என்ற சொல்லும் மட்டும். எங்கள் ஆட்கள் முப்பதாம் நாள் தீட்டுக் கழித்த பிறகுதானே பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள்? பிறந்தவுடன் பதிந்துவிடும் அந்தக் காலத் தோட்டக் கிளாக்கர், பெயர் வந்ததும் அதை ஒரு துண்டில் எழுதி அந்தப் பக்கத்தில் குண்டூசியால் குத்திவிடுவார். அக்காவின் துண்டும் இருந்தது. தடவிப் பார்த்தார். கைபேசியில் படமெடுத்துக் கொடுக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். "ஸ்கேன் முடியட்டும்க்கா, பளிச்சுன்னு பிரதி தாரேன்" என்று அனுப்பிவிட்டேன்.

கம்பனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் சிங்களத்தில் கேட்டார்: ஊசிகள் துருப்பிடித்திருக்கின்றன, இயந்திரத்தைக் கீறிவிடும், கழற்றலாமா? கழற்றுங்கள் என்றேன். யோசிக்கவே இல்லை. தோட்டத்தில் பிறந்த எனக்கே உறைக்காதது அவருக்கு எப்படி உறைக்கும்?

பதிவேடுகள் திரும்பி வந்தன. பக்கங்களின் படங்களில் குறையே சொல்ல முடியாத தெளிவு. துண்டுகள் எல்லாம் ஒரே உறையில், கலைந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், அவ்வளவுதான். கிளாக்கர் ஐயாவும் நானும் துண்டிலிருந்த துருக்கறையைப் பக்கத்திலிருந்த கறையோடு பொருத்திப் பார்த்தோம். எல்லாக் கறையும் ஒரே மாதிரி. மூன்றாம் நாள் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

அக்கா வந்தார். அவருடைய பெயரில் நான்கு துண்டுகள் இருந்தன. அவற்றில் எது அவருடையது என்று என்னால் சொல்ல முடியாது, பெயரில்லாத பதிவைக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், ஏற்கவும் மாட்டார்கள் என்று விளக்கினேன்.

"அன்னைக்கி ஊசி குத்தித்தானே இருந்துச்சு? நானே தொட்டுப் பார்த்தேனே. யாருங்க சேர் கழட்டச் சொன்னது?"

"கொழும்புல, கம்பனிக்காரங்க" என்றேன்.

கிளாக்கர் ஐயா மேசையிலிருந்து நிமிரவில்லை.

"அவங்களுக்கு நம்ம விசயம் என்னா தெரியும், பாவம்" என்றார் அக்கா. "நீங்கதான் எங்களுக்காக இவ்வளவு பாடுபடுறீங்க" என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.