பின்துளை இல்லாத பிளாக்

பட்டறைக்காரர்கள் அவனைப் பொத்தல் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது அவனுடைய அக்கா புருஷன்.

இருவரும் பிளாஸ்டிக் பை செய்யும் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பையின் வாயை ஒட்டுவது ஒரு சூடான இரும்பு பிளாக். அதில் நீளமாக ஒரு துளை, துளைக்குள் விரல் கனத்தில் ஒரு ஹீட்டர். துளை போடுவது இவன். ஹீட்டர் வாங்குவது ஸ்டோர் பார்த்த அக்கா புருஷன். ஒருமுறை அவர் அரை அங்குலத் துளைக்குப் பன்னிரண்டரை மில்லிமீட்டர் ஹீட்டர்களை வாங்கி வந்துவிட்டார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே போட்டால் லேசாக ஆடும். அந்தச் சின்ன இடைவெளி போதும்; சூடு இரும்புக்குப் போகாமல் ஹீட்டரிலேயே தங்கியதில் ஹீட்டர்கள் ஒவ்வொன்றாகக் கருகின.

"ஓட்டையைப் பெருசாப் போட்டுட்டான் முதலாளி. அளவு தெரியாத பொத்தல் பய," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அன்றே இவனுக்கு வேலை போயிற்று. எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தப் பெயர் இவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அக்கா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு, ஒரு தகரக் கொட்டகையில் பழைய துளை மெஷினைப் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினான். வாயைத்தான் மூடினான், மனதை அல்ல.

ஒரு நாள் அக்கா புருஷனே புது பிளாக்கோடு வந்து நின்றார்.

"பழசையெல்லாம் மனசுல வைக்காத மாப்ள. அவசரம். வெளிய எவனும் கை வைக்க மாட்டேங்கறான்."

"ஹீட்டரையும் குடுத்துட்டுப் போங்க மாமா. இந்தத் தடவை அதுக்கு அளவெடுத்துத் தச்சே தர்றேன்."

சொன்னபடியே செய்தான். முதலில் கொஞ்சம் சின்னதாகத் துளைத்து, பிறகு ரீமர் என்ற சுரண்டும் கம்பியை விட்டு வழவழப்பாக்கினான். ஹீட்டர் கட்டைவிரல் அழுத்தத்தில் இறுக்கமாக உள்ளே போனது. சூடும் பிரமாதமாக ஏறும். ஒன்றை மட்டும் அவன் செய்யவில்லை. ஹீட்டர் உழைக்க உழைக்க உப்பிக்கொள்ளும். செத்தபின் கம்பி விட்டுத் தள்ளுவதற்காக, துளையின் அடியிலிருந்து பிளாக்கின் முதுகுவரை ஒரு சின்ன வழி போடுவது வழக்கம். அதை அவன் போடவில்லை. பிளாக்கின் முதுகைத் திருப்பிப் பார்க்கும் ஆள் அல்ல அக்கா புருஷன்.

ஹீட்டர் நெடுநாள் நன்றாக உழைத்துவிட்டுச் செத்தது. அக்கா புருஷன் குறடால் இழுத்தார். ஒயர் மட்டும் கையோடு வந்தது. பிளாக்கைத் தோளில் சுமந்து, புது ஹீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கக் கொட்டகைக்கு வந்தார்.

"வெளிய வரமாட்டேங்குது மாப்ள. பின்னாடி ஓட்டையே காணோமே?"

"பொத்தல் பய இல்லையா மாமா, ஓட்டை போடவே பயமா இருக்கு."

அவர் முகம் சுண்டிப்போனது. "எவ்வளவு கேக்கற? சொல்லு."

"காசு வேணாம். அன்னிக்குக் கருகினது யாரால? முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. நானும் கேக்கணும்."

தொழிற்சாலையில் மெஷின் நின்றுகிடந்தது. வேறு வழியில்லை. ஸ்பீக்கரில் போட்டுச் சொல்லி முடித்தார். இவன் எத்தனையோ நாள் இந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தான்.

"அது எனக்கு அப்பவே தெரியும்யா," என்றது முதலாளியின் குரல். "ஹீட்டரை அளந்து பாத்தேன். யாரையாவது ஒருத்தனை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருந்துச்சு. நீ கணக்கு வழக்கு தெரிஞ்சவன், அவன் ஓட்டை போடறவன். அதை விடு, பிளாக் எப்ப வரும்?"

போன் அணைந்தது. இவன் பிளாக்கை மெஷினில் கவ்வவைத்து, செத்த ஹீட்டரைத் துளையில் கீறல் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தெடுத்தான். ஹீட்டருக்குள் அடைத்திருந்த வெள்ளைப் பொடி மேசையெல்லாம் கொட்டியது. புது ஹீட்டர் பழையபடி இறுக்கமாக உள்ளே இறங்கியது.

அக்கா புருஷன் பிளாக்கைத் திருப்பிப் பார்த்தார். இப்போது அந்தப் பழக்கம் வந்திருந்தது.

"பின்துளை மாப்ள?"

"முதலாளி வரட்டும், போட்டுத் தர்றேன்."

"அவரு எதுக்கு இங்க வர்றாரு?"

"இதுவும் ஒரு நாள் சாகும்ல மாமா," என்று மேசையைத் துடைத்தான். "அடுத்த தடவை நீங்க தூக்கிட்டு வந்தா நான் தொட மாட்டேன்."