ஆற்றங்கரைப் படத்தில் இல்லாத குடிசை

1. முதல் நாள்

எழுபதுகளின் நடுவில் புனேயில் ஓர் அரசு அலுவலகத்தில் போட்டோகிராபராகச் சேர்ந்தேன். ஆற்றங்கரை எப்படி மாறுகிறது என்று பதிவு செய்யும் வேலை. ஏரவாடா பக்கம் ஒரு கல்லில் பெயின்ட் குறி. மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் அங்கே ட்ரைபாடை ஊன்றி, அதே லென்ஸில், காலை எட்டு மணிக்கு ஒரு படம்.

"ஃப்ரேம் மே ஆத்மி நஹீ சாஹியே" என்றார் மேலதிகாரி. மனித வாடையே கூடாதாம்.

2. செல்வி அக்கா

ஃப்ரேமின் இடது ஓரத்தில் ஒரு குடிசை இருந்தது. கேமராவை இம்மி வலப்பக்கம் திருப்பினேன், குடிசை போய்விட்டது. கொடியில் காய்ந்த துணி மட்டும் மிச்சம்.

"அக்கா, துணிய எடுத்துட்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

விழுப்புரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் செல்வி அக்கா. துணியைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்குவார். படம் முடிந்ததும் டீ தருவார். லோஹேகாவில் தனி அறை எனக்கு. வாய்விட்டுத் தமிழ் பேச அவரை விட்டால் நாதியில்லை. ஒன்பது வருடம் இப்படியே போனது. படம் சுத்தமாக இருக்கிறது என்று ஆபீஸில் மெச்சினார்கள், நானும் பூரித்துப்போனேன்.

3. அத்தாட்சி

எண்பதுகளில் கரையைக் காலி செய்யச் சொன்னார்கள். பல வருடமாகக் குடியிருப்பதை நிரூபித்தால் மாற்று இடம் உண்டு. அக்கா என்னைத் தேடி வந்தார்.

"ரேஷன் கார்டு வெள்ளத்துல போயிடுச்சு தம்பி. வருசா வருசம் படம் புடிச்சீங்கல்ல, அதுல ஒண்ணு குடுங்க, போதும்."

ஒன்பது நெகட்டிவையும் விளக்குப் பலகையில் வைத்து லென்ஸால் துழாவினேன். ஆறு இருந்தது, மரம் இருந்தது. குடிசை ஒன்றில்கூட இல்லை.

சரி, நேரில் சாட்சி சொல்வோம் என்று மாற்று இடம் ஒதுக்கும் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க், எங்கள் ஆபீஸ் அனுப்பியிருந்த ஃபைலிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

"யே ஆப்கா ஹீ போட்டோ ஹை நா? கர் கஹா ஹை?"

என் படம்தான். வீடு எங்கே என்கிறார். அவமானமாக இருந்தது.

வெளியே காத்திருந்த அக்காவிடம் சொன்னேன்.

"நீங்க தள்ளி நிக்கச் சொன்னீங்க, நான் நின்னேன். வுடுங்க தம்பி, நீங்க சாப்ட்டீங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த வாரம் குடிசையைப் பிரித்தார்கள். அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது.

இயற்கையைப் படமெடுக்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு: யாரையும் தள்ளி நிற்கச் சொல்லாதீர்கள்.