தொட்டிலில் தொங்கிய சாவிக்கொத்து

"தொழில்: பூட்டுப் பழுது பார்த்தல், சாவி செய்தல். தூசி: இல்லை. புகை: இல்லை. அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து: இல்லை. உரிமம் பெறுபவர் பொதுமக்களின் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது."

கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்த இந்த வாசகத்தைப் படிக்க வேண்டுமானால், முதலில் கண்ணாடி மேல் படிந்திருக்கும் பித்தளைத் தூளைத் துடைத்தாக வேண்டும். எழுதிய அதிகாரி கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நம்பிக்கை விஷயத்தில் மட்டும் அவர் எழுதியது பாதி சரி. தெருவில் இருந்தவர்கள் பூட்டுக்காரரை நம்பினார்கள். பூட்டுக்காரர் யாரையும் நம்பவில்லை.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. எந்தக் கதவானாலும் தன்னால் திறக்க முடியும் என்று தெரிந்த மனிதர், அதே வித்தை இன்னொருவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைப்பது இயல்புதானே? கடையின் பின்பக்கத்தில் இரண்டு அறை வீடு. நடுவே ஒரு கதவு, அதில் மூன்று பூட்டு. அந்தப் பக்கம் மனைவி, மருமகள், இன்னும் ஒரு வயது நிரம்பாத பேத்தி. மகன் லாரி ஓட்டுபவன். போனால் பத்து நாள், வந்தால் இரண்டு நாள்.

வேலை செய்கிற நேரத்தில் பூட்டுக்காரருக்கு மூன்று கை. இடது கையில் பூட்டு, வலது கையில் அரம், பல்லிடுக்கில் சாவி. அறுத்த சாவியைப் பூட்டில் நுழைத்துப் பார்ப்பார், சரியில்லை என்றால் வாயில் கவ்விக்கொண்டு அரத்தைத் தேடுவார். சாவியும் வாயுமாக இருந்து இருந்து, சும்மா இருக்கும்போதும் அவர் உதட்டோரம் ஒன்று தொங்கும். மதியச் சாப்பாடும் அதே மேஜையில்தான். அரத்தை ஓரம் தள்ளி, கையைச் சட்டை முன்பக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். எழுந்து போய்க் கை கழுவுவதற்குள் கடையில் எவனாவது எதையாவது கிளப்பிக்கொண்டு போய்விட்டால்?

சாயங்காலம் மூன்று பூட்டையும் திறந்து உள்ளே போனதும் முதல் வேலை பேத்தியைத் தூக்குவது. அதே கை, அதே சட்டை.

பேத்தி கொழுகொழுவென்று இருந்தவள். பல் முளைக்கிற வயதில் வாடத் தொடங்கினாள். உதடு வெளுத்தது. ஊட்டியதைத் துப்பினாள். காலை மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அழுதாள். சுவரைப் பிடித்து எழுந்து நின்றவள், அதையும் மறந்துவிட்டவள் போல உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பல்லு வர்ற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்றாள் மனைவி.

"பல்லு வாயில வருது. வயிறு எதுக்கு வலிக்குது?" என்றார் பூட்டுக்காரர். கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். பதிலைத் தேடிப் போன திசைதான் சரியில்லை.

முதலில் பால்காரர் மேல் சந்தேகம். பாலை நிறுத்திப் பால்மாவுக்கு மாறினார்கள். பிறகு குழாய்த் தண்ணீர் மேல். அதைக் கொதிக்க வைத்தார்கள். அடுத்தது மாடி வீட்டுக்காரர். படியிறங்கும்போதெல்லாம் அவர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறாராம். ஜன்னலை மூடினார்கள். குழந்தை தேறவில்லை. ஒரு நாள் பூட்டுக்காரர் சின்னதாக ஒரு தகரப்பெட்டி கொண்டுவந்தார். பால்மாவு டப்பாவை அதில் வைத்துப் பூட்டினார். பூட்டு விரல் அளவு, சாவி அதைவிடச் சின்னது. புதுப் பித்தளையில் தன் கையாலேயே அறுத்த சாவி. மேலே முலாம் பூசக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

சாவியை யாரிடம் கொடுப்பது என்று அடுத்த கவலை. மனைவி இரக்கப்பட்டு யாருக்காவது கொடுத்துவிடுவாள். மருமகள் வேறு குடும்பத்திலிருந்து வந்தவள். மகன் எதையும் தொலைப்பவன். அந்த வீட்டில் நகல் எடுக்கத் தெரியாத, வெளியே போகாத, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாத ஆள் ஒருத்திதான் இருந்தாள். வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் அவள் தொட்டில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். ஆட்டினால் கிணுகிணுவென்று சத்தம் வந்தது. பேத்திக்கு ஒரே குஷி. எட்டிப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள். முளைக்கிற பல்லுக்கு இதமாக இருந்திருக்கும்.

"தாத்தா மாதிரியே!" என்று மனைவி சிரித்தாள். பூட்டுக்காரருக்கும் பெருமை பிடிபடவில்லை.

இதற்கிடையில் மருமகள் குழந்தையோடு ஒரு மாதம் தாய்வீடு போய்வந்தாள். திரும்பி வந்த குழந்தையின் கன்னம் உப்பியிருந்தது. வந்து இரண்டே வாரம், பழையபடி வெளுப்பு, பழையபடி அழுகை.

"அங்க என்னம்மா கொடுத்தாங்க?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"இங்க கொடுக்கறதைத்தான் மாமா. அதே மாவு."

"அதே மாவுன்னா, அங்க மட்டும் எப்படி கன்னம் வந்துச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"ரெண்டு பேரும் ஒரே கேள்வியை வச்சுக்கிட்டு எதுக்குச் சண்டை போடறீங்க?" என்றாள் மனைவி.

ஒரே கேள்விக்கு இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு விடை தயாராக இருந்தது. இந்த வீடுதான் குழந்தைக்கு ஆகவில்லை என்றாள் மருமகள். குழந்தை இங்கே ஒட்டக் கூடாது என்று அங்கிருந்து யாரோ சொல்லி, இவள் பாலில் ஏதோ கலக்கிறாள் என்று கணக்குப் போட்டார் மாமனார். மறுநாள் காலை மருமகள் அடுக்களையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது.

"மாமா, திரைக்குக் கீழ உங்க கால் தெரியுது."

கால் நகம் முழுவதும் பித்தளைத் தூள் மின்னிக்கொண்டிருந்தது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர் சிரிக்கவில்லை.

"இனிமே என் கண்ணு முன்னாடி கலக்கு. நீ ஒரு வாய் குடிச்சுக் காட்டு. அப்புறம் குழந்தைக்குக் கொடு."

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "பெத்த பிள்ளைக்கு நான் விஷம் வைப்பேனா? சரி மாமா. ஆஸ்பத்திரியில குழந்தை ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கு. முடிவு வரட்டும். சனிக்கிழமை உங்க பிள்ளை வந்ததும் நான் குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பறேன். போனா போனதுதான்."

பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். பூட்டுக்காரர் அந்தப் பெட்டியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பூட்டி வைக்க முடியாத பொருள் ஒன்று கைநழுவிப் போகப்போகிறது என்பது அவருக்கே புரிந்தது.

முடிவு வந்த அன்று எல்லாரும் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண் டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"குழந்தை ரத்தத்துல ஈயம் இருக்கு. இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கு."

பூட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். மருமகளைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். "ம்ம்ம், ம்ம்ம்ம்" என்றுதான் கேட்டது.

"ஐயா, கொஞ்சம் தெளிவாச் சொல்லுங்க."

வாயிலிருந்து சாவியை எடுத்தார். "நான் அப்பவே சொல்லலை, விஷம்னு!"

டாக்டரின் பார்வை அவர் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. "அது என்ன?"

"இதுவா? சாவி. பாதி வேலையில கிளம்பிட்டோம்."

"எதுல செஞ்சது?"

"பித்தளை."

"சாவிப் பித்தளையில ஈயம் சேர்ப்பாங்களா?"

"சேர்க்காம? சேர்த்தாத்தானே அரம் இழுத்த இழுப்புக்கு வரும்!" தொழில் ரகசியத்தைப் பெரிய மனது பண்ணிச் சொல்கிற தோரணையில் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

"குழந்தை வாயில என்ன?" என்று கேட்டார் டாக்டர்.

மூன்று பேரும் திரும்பினார்கள். மருமகள் மடியில் உட்கார்ந்திருந்த பேத்தி, அழாமல் இருக்கட்டும் என்று கொடுத்திருந்த சாவிக்கொத்திலிருந்து தனக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்து சப்பிக்கொண்டிருந்தாள். பால்மாவுப் பெட்டியின் சாவி.

வீட்டுக்கு வந்ததும் பூட்டுக்காரருக்கு டாக்டர் மேலேயே சந்தேகம் வந்தது. "எண் பூட்டு விக்கறவங்க ஆளா இருக்கும். சாவியே கூடாதுன்னு கிளப்பிவிடறாங்க."

"ஆமா, ராத்திரியோட ராத்திரியா வந்து பிள்ளை உடம்புல ஈயத்தை ஊத்திட்டுப் போனாங்க" என்றாள் மனைவி. அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் அவர் கடையை அடைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய், தன்னைத் தெரியாத பரிசோதனைக் கூடம் ஒன்றில் தன் ரத்தத்தைக் கொடுத்தார். அங்கிருப்பவர்கள் தன்னை ஏமாற்றிவிடக் கூடாதே என்று தொழில் தையல் எனச் சொல்லிவைத்தார். முடிவு வாங்கப் போனபோது அங்கிருந்தவர் காகிதத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தையல்காரருக்கு இவ்வளவு ஈயமா? என்னங்க, ஊசியைத் தின்கிறீங்களா?"

பேத்திக்கு இருந்ததைவிட அவருக்கு அதிகம். திரும்பி வருகிற பஸ்ஸில் அவருக்குப் பல விஷயம் நினைவுக்கு வந்தது. அவருக்கும் வயிறு முறுக்கும். பழியை டீக்கடைக்காரர் மேல் போட்டு, அவரோடு பேச்சை முறித்து வருஷக்கணக்காகிறது. கை சோர்ந்தது, அரத்தைக் கொடுத்த வியாபாரியைத் திட்டினார். கோபம் மூக்கு நுனியில் நின்றது, அதற்குப் பழி மருமகள் மேல்.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கூடவே இருந்து வேவு பார்க்கக்கூடிய ஒரு குற்றவாளி அவருக்குக் கிடைத்தான். மறுநாள் முழுவதும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி வாய்க்குப் போனது. எடுத்தார். மறுபடி போனது. கை சட்டையில் துடைத்துக்கொண்டது, சாப்பாட்டில் இறங்கியது. சட்டையில் எந்த இடம் அதிகம் மின்னுகிறது என்று குனிந்து பார்த்தார். பேத்தி கன்னத்தை வைத்துச் சாய்கிற இடம். இவ்வளவு நாளாகத் தேடிய ஆள் வசமாக மாட்டிக்கொண்டான். அவனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை லாரி வந்தது. மகன் பெட்டியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பூட்டுக்காரர் தொட்டில் கயிற்றிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மருமகளிடம் நீட்டினார். சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். இன்னும் ஈரம் சொட்டியது.

"என்ன மாமா, என்னை நம்பிக் கொடுக்கறீங்க? நான் நகல் எடுத்துட்டேன்னா?"

"எடுத்துக்க. எஃகுல எடு."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பெட்டியை மட்டும் அவிழ்க்கவில்லை. "டாக்டர் குழந்தையைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கச் சொல்லியிருக்காங்க. வீட்டை ஈரத்துணி வச்சுத் துடைங்க. சும்மா பெருக்கித் தூளைக் கிளப்பாதீங்க. நான் வந்து பார்க்கறேன். பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க வீட்டுல பழகினதுதானே மாமா!"

அவர் போய் வாளியில் தண்ணீர் பிடித்தார்.

குழந்தையோடு தாய்வீடு போனவள், சில வாரம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் சாயங்காலம் வந்து நின்றாள். கதவின் கடைப் பக்கத்தில் ஒரு ஆணி, அதில் துவைத்த சட்டை ஒன்று. கீழே வாளி, சோப்பு. கதவில் மூன்று பூட்டு இருந்த இடத்தில் இப்போதும் மூன்று பூட்டு. மனிதர் அவ்வளவெல்லாம் மாறிவிடவில்லை. மருமகள் ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். தொட்டிலை உதறிப் பார்த்தாள். கடைசியில் மாமனாரின் வாயைப் பார்த்தாள். அதில் ஒரு கிராம்பு இருந்தது.

உப்பிய கன்னத்தோடு இடுப்பில் உட்கார்ந்திருந்த பேத்தி தாத்தாவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். அவரும் கையை நீட்டினார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இரு, இரு. தாத்தாவை நம்பாதே" என்றார்.

பூட்டுக்காரர் சட்டையை மாற்றினார். கையைக் கழுவினார். பிறகு பேத்தியைத் தூக்கினார்.