கண்ணாடியில் வைத்த பொட்டு

அடுத்தவர் வீட்டுக் கதை கேட்க உங்களுக்கு அவ்வளவு ஆவலா, விடுப்பா? சரி, கேளுங்கள்.

மகள் சுதா பழைய கார் ஒன்று வாங்கியதும் கோயிலில் பூசை செய்தோம். ஐயர் எஞ்சினை மூடும் பொனற்றில் பொட்டு வைத்தார். எனக்கு அது போதவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளை மூடியிருந்த கண்ணாடியிலும் சந்தனம், குங்குமம் அப்பிவிட்டேன்.

போன மாதம் கிரான்பர்ன் என்ற ஊரிலிருந்து நாங்கள் இருவரும் போகையில், ஃப்ரீவேயில் கருகல் மணம் வந்தது. சுதா பொட்டைத் துடைத்தாள். அடியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, அடுத்த எக்ஸிட் வரைக்கும் ஓடுவமே?"

"வேண்டாம் பிள்ளை, இப்பவே ஓரங்கட்டு!"

சிக்னல் போட்டு இடது ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். பொனற்றிலிருந்து ஆவி சீறியது. இடப்பக்கக் கதவால் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நின்றோம். லொறிகள் போன வேகத்தில் என் சேலை பறந்தது.

"மூடியைத் திறந்து தண்ணி ஊத்தட்டே?"

"கொதிக்கிற குக்கரைத் திறப்பியே? முகம் வெந்துபோம், தொடாதை!"

உதவி வண்டி வரும்வரை நான் அவள் கையை விடவில்லை.

இப்போது கார் புறப்படுமுன் அந்தக் கண்ணாடியை நானே துடைக்கிறேன். வழியில் சிவப்பு எரிந்தால் உடனே ஓரங்கட்டச் சொல்கிறேன்.

அயலவரிடம், "பொட்டை பொனற்றோட நிப்பாட்டுங்கோ, கண்ணாடியில வைக்கிறது பைத்தியக்கார விசர் வேலை" என்றேன். வைத்த விசரி யாரென்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.