கறிபாப்பைச் சுற்றிப் பார்த்தவர்

வார்டில் எல்லாரும் அவரை எக்ஸ்ரேக்காரர் என்றே சொன்னார்கள். பருத்த உடம்பு, நீல உடை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. மலேசியாவின் ஜொகூர் பாருவில், அந்த மருத்துவமனையின் கேண்டீனில் காலையில் அவரைப் பார்த்தேன். உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப்பை விரல்களில் பிடித்து மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எல்லாப் பக்கமும் பார்த்த பிறகே கடித்தார்.

என் மூன்று வயது மகளுக்கு அன்று இடுப்பில் அறுவை சிகிச்சை. குழியில் உட்காமல் விலகியிருந்த தொடை எலும்பை உட்காரவைக்க வேண்டும்.

"அண்ணே, ஆபரேஷன் ரூம் உள்ள உங்க மிஷின் என்ன செய்யும்?"

"பாப்பாவ ஒரு சுத்து சுத்தி படம் எடுக்கும்மா. எலும்பு சரியா உக்காந்துச்சான்னு எல்லாப் பக்கமும் தெரியும். இல்லன்னா தையல் போடுறதுக்கு முன்னாடியே டாக்டர் சரி பண்ணிடுவாங்க."

"கறிபாப்ப ஏன் சுத்துறீங்க?"

"தொழில் பழக்கம் லா. ஒரு பக்கம் மட்டும் பாத்து நம்ப மாட்டேன்."

மதியம், அறுவை அறை வாசலிலேயே நின்றிருந்த என்னைக் கணவர் தேநீர் குடிக்க அனுப்பினார். கேண்டீனில் எக்ஸ்ரேக்காரர் கறிபாப்போடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"டாக்டர்தான் சொல்லணும்மா. நான் சொல்லக் கூடாது."

என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கறிபாப்பைச் சுற்றாமலே கடித்தார்.

எனக்கு மூச்சு வந்தது. படியேறும்போதே சந்தேகமும் வந்துவிட்டது. வெறும் பசியாக இருந்தால்?

எலும்பு சரியாக உட்கார்ந்துவிட்டது என்று மேலே டாக்டர் சொன்னார். மகள் இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள்.

"பசி லா, வேறென்ன?" என்கிறார் கணவர்.

எக்ஸ்ரேக்காரரின் அந்தப் பார்வையை இவர் பார்க்கவில்லை.